சிறுமேனியரும் நீர்மூழ்குக் கருவிகளும்

கருவி என்பது மேனிக்குத் துணையாகற்பாலது. மேழி உழுவான் கைக்கு அமைதல் வேண்டும். ஊசி தைப்பாள் விரலுக்கு அமைதல் வேண்டும். செருப்பு நடப்பான் காலுக்கு அமைதல் வேண்டும். அமையாத கருவி எத்துணை விலையுயர்ந்ததாயினும் துணையாகாது சுமையாகும். நிலத்தின்மேல் இச்சுமையால் விளைவது சிறு துன்பமே. செருப்புப் பெரிதாயின் அதனைக் கழற்றிக் கையிற் பிடித்துக்கொண்டு நடந்துவிடலாம். கடல்நீரின்கீழ் 15 மீட்டர் ஆழத்தில் இருப்பவரோ, தாம் அணிந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு நினைத்தவுடன் மேலே வருதல் இயலாது. ஆண்டு அவர் உயிர் அவர் அணிந்த கருவியைப் பற்றியே நிற்கின்றது. ஆதலின், நீர்மூழ்குக் கருவிகள் அணிவார் மேனிக்கு ஏற்ற அளவினவாய் இருத்தல் இன்றியமையாதது என்பது பற்றியும், சிறிய மேனியுடையார் இவ்வகையிற் படும் இடர் பற்றியும் ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம்.

பிரெஞ்சு நாட்டினராகிய ழாக் கூஸ்தோ, எமில் கன்யான் என்னும் இருவர் 1943-ஆம் ஆண்டில் 'அக்வாலங்' என்னும் மூச்சுக் கருவியை ஆக்கினர். சிலிண்டரில் அழுத்தி அடைத்த காற்றை, மூழ்குநர் உள்ளிழுக்குந்தோறும், அவர் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திற்கு ஏற்ப அளந்து கொடுத்தலே அக்கருவியின் திறம். 'ஸ்கூபா' என இன்று வழங்கும் இக்கலை, ஒருகாலத்துக் கடற்படையினர்க்கும் ஆராய்ச்சியாளர்க்கும் பெரும்பாலும் உரியதாயிருந்து, பின்னர் யாவர்க்கும் பொதுவாயிற்று. 1970-ஆம் ஆண்டில் சில்வியா ஏர்ல் அம்மையார் தலைமையில் பெண்களே அடங்கிய ஆராய்ச்சிக் குழு ஒன்று, 'டெக்டைட்' என்னும் கடலடி இல்லத்தில் இரண்டு வாரம் தங்கி ஆராய்ச்சி நிகழ்த்தியது. இந்நாளில் 10 வயது நிரம்பிய சிறாரையும் சேர்த்துக்கொள்ளும் பயிற்சி முறைகள் உள. புதுச்சேரிக்கும் அந்தமானுக்கும் விடுமுறை நாட்களிற் சென்று கடலடியின் காட்சியைக் காண விழையும் மாணவர் நம்மிடையும் இருத்தல் கூடும்.

கலை பொதுவாயிற்று, கருவிகளோ அவ்வளவிற்குப் பொதுவாயின அல்ல. அவை முதற்கண் உயர்ந்து பரந்த மேனியுடைய ஆடவரைக் கருதி ஆக்கப்பட்டவை. இப்பொழுது பல அளவுகளில் அவை செய்யப்படுகின்றன என்பதும், பெண்கட்கெனத் தனியே வெட்டித் தைத்த உடைகள் விற்கப்படுகின்றன என்பதும் உண்மையே. ஆயினும் செய்யப்படுதல் வேறு. கடற்கரையிற் கைக்குக் கிடைத்தல் வேறு. கருவிகளை வாடகைக்குத் தரும் இடங்கள் பலவற்றில் நடுத்தர அளவும் பேரளவுமே மிகுதியாயிருக்கும். சிற்றளவின ஒன்றிரண்டு இருப்பினும் முன்வந்தார் அவற்றை எடுத்துக்கொள்வர். பின்வந்த சிறுமேனியார்க்குக் கிடைப்பது, "வாரை இறுக்கிக்கொண்டால் சரியாகிவிடும்" என்னும் ஆறுதன்மொழியே.

இறுக்கினாற் சரியாகாது. முகக் கண்ணாடியினுள் நீர் கசிகின்றது. மிதவைச் சட்டை காதளவு ஏறுகின்றது. முதுகிலுள்ள சிலிண்டர் இடமும் வலமும் புரண்டு மூழ்குநரையும் உடன் புரட்டுகின்றது. இவையனைத்தும் ஒருங்கே நிகழுங்கால், புதிதாய்க் கற்பார் உள்ளம் கலங்குவது இயல்பு. கலங்கியவர் விரைந்து மூச்சிழுக்கின்றார். காற்று விரைவிற் குறைகின்றது. மேலே வரத் துடிக்கின்றார். கரையேறிய பின்னர் அவரை நோக்கிப் பிறர் கூறுவது யாது? "இவர்க்கு அச்சம் மிகுதி, இக்கலை இவர்க்கு ஆகாது" என்பதே. அவரும் அதனை மெய்யென நம்பித் தம் மேனியை நொந்துகொண்டு, பின் ஒருகாலும் கடலை நாடாதொழிகின்றார். குற்றம் கருவியின் அளவினது. பழியோ மேனியின்மேல் ஏறுகின்றது. இதனையே யாம் அநீதி என்கின்றோம்.

பரிசுத்த வேதாகமத்தில் சாமுவேலின் முதற் புத்தகம் 17-ஆம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சி நம்மனைவர்க்கும் தெரிந்ததே. கோலியாத்தை எதிர்க்கச் செல்லும் இளைஞனாகிய தாவீதுக்குச் சவுல் அரசன் தன் வெண்கலத் தலைச்சீராவையும் கவசத்தையும் அணிவித்தான். அரசனது கவசம் நாட்டிற் சிறந்ததாகவே இருந்திருக்கும். கொடுத்தவன் எண்ணமும் நல்லெண்ணமே. ஆயினும் தாவீது அவற்றை அணிந்து நடந்து பார்த்தான். பழக்கமில்லாத அவற்றோடு தன்னால் இயலாது என்று அரசன் முன்னிலையிலேயே கூறிக் கழற்றி வைத்தான். பின்னர்த் தன் கைக்குப் பழகிய கவணை எடுத்துக்கொண்டான். இந்நிகழ்ச்சியைப் பேசுவார் பெரும்பாலும் அவன் விசுவாசத்தையே பேசுவர். யாம் அதனோடு வேறொன்றையும் காண்கின்றோம். அவன் அணிந்து பார்த்தான், பொருந்தாமையை அறிந்தான், அறிந்ததை அஞ்சாது சொன்னான். இம்மூன்றும் நீர்மூழ்கச் செல்லும் சிறுமேனியார் கைக்கொள்ளற்பாலன. தாவீது கவசத்தைக் கழற்றியதைக் கோழைமை என்பார் இலர்.

நிற்க. அணிந்து பார்த்தல் என்பது எவ்வாறு என்பதைக் கருவிதோறும் கூறுவாம்.

முதலாவது முகக் கண்ணாடி. இஃது இரு கண்களையும் மூக்கையும் ஒருங்கே மூடும். மூக்கும் உள்ளடங்குதற்குக் காரணம் உண்டு. ஆழம் செல்லச் செல்ல நீரின் அழுத்தம் கண்ணாடியை முகத்தோடு நெருக்கும். அக்கால் மூக்கின் வழியே சிறிது காற்றை உள்ளே விட்டு அந்நெருக்கத்தைத் தீர்த்தல் வேண்டும். சிறிய முகத்தில் பெரிய கண்ணாடியை வைத்தால் அதன் சிலிக்கன் விளிம்பு பொட்டுப்பக்கத்தில் வளைவைத் தாண்டி நிற்கும். அவ்வழியே நீர் புகும். வாரினை இறுக்க இறுக்க விளிம்பு கோணிக் கசிவு மிகுதலும் உண்டு. ஆகலின், வாரை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, மயிர் இடையிற் சிக்காதவாறு ஒதுக்கி, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளிழுத்துக் கையை எடுத்துவிடுக. அது விழாமல் நின்றால் முகத்திற்குப் பொருந்தியது எனலாம். மேலும், மூக்குப் பையினைப் புறத்திருந்து இரு விரல்களாற் பிடித்து மூக்கை அடைக்க இயலுகின்றதா என்றும் பார்க்க. இயலாதாயின் செவியடைப்பை நீக்குதல் அரிதாகும். உள்ளிடம் குறைந்த கண்ணாடிகள் சிறுமுகத்தார் பலர்க்குப் பொருந்துவன.

இரண்டாவது, 'வெட்சூட்' என வழங்கும் ரப்பர் உடை. நீரானது காற்றினும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்வது. சிறிய மேனியோ தன் பருமனை நோக்கப் புறப்பரப்பு மிக உடையது. சிறு குவளையில் வார்த்த பால் பெரும்பானைப் பாலினும் முந்தி ஆறுவதை நாம் காண்கின்றோம் அன்றோ? அதுபோலவே சிறுமேனியர் பிறரினும் விரைவில் குளிரடைதற்கு இடமுண்டு. வெம்மையுடைய கடல்களிலும் நெடுநேரம் மூழ்குவார்க்கு இது நிகழும். இவ்வுடை நீரை முற்றும் தடுப்பதன்று. உள்ளே புகுந்த சிறிது நீரை மேனியோடு ஒட்டி நிறுத்தி வைப்பது. அக்குள், இடுப்பின் பின்புறம், கழுத்து ஆகிய இடங்களில் உடை தொளதொளத்து நிற்குமாயின், ஒவ்வோர் அசைவிலும் வெம்மையுற்ற நீர் வெளியேறித் தண்ணீர் புகும். அவ்வுடையால் ஆம் பயன் சிறிதே. மிகையான இறுக்கமும் தீதே. கழுத்தை நெருக்கும் உடை தலைச்சுற்றலைத் தரும். மார்பை நெருக்குவது மூச்சைத் தடுக்கும். அணிந்தபின் ஆழ மூச்சிழுத்தும், கைகளை உயர்த்தியும், குந்தியும் பார்த்தல் வேண்டும். உயரங்குறைந்த பெண்ணொருத்திக்குச் சிறார் உடையைக் கொடுத்தனுப்புதல் சில இடங்களில் உண்டு. சிறார் உடை நேராக வெட்டப்பட்டது. வளர்ந்தோர் தோளுக்கும் இடுப்புக்கும் அது பொருந்துதல் அரிது. சிறியவர் என்பதும் சிறுவர் என்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது, பி.சி.டி. என்று சுருக்கி வழங்கும் மிதவைச் சட்டை. சிலிண்டரைத் தாங்குவதும், காற்றை ஏற்றியும் இறக்கியும் மூழ்குநரை வேண்டிய ஆழத்தில் நிறுத்துவதும், நீர்மட்டத்தில் மிதக்கச் செய்வதும் இதன் தொழில். எனவே பொருத்தம் பார்ப்பதில் இதற்கே மிகுந்த கருத்துச் செலுத்துதல் வேண்டும். வார்களையெல்லாம் எல்லைவரை இழுத்தும் தளர்ச்சி நீங்காதாயின் அச்சட்டை பெரிது என்று துணிக. அளவொத்ததை அணிந்து, காற்றை முழுதும் ஏற்றிய நிலையிலும் மூச்சு எளிதில் வருதல் வேண்டும். தோட்பகுதியைப் பிறர் பிடித்து மேலே தூக்கினும் அது மோவாயை மூடுமளவு ஏறலாகாது. பெரிய சட்டை அணிந்தார் நீர்மட்டத்தில் சட்டை மேலும் தாம் கீழுமாகத் தொங்குவர். அலை எழுங்கால் வாயும் மூக்கும் நீரில் அமிழும். காற்றை வெளியேற்றும் விசைகள் தம் கைக்கு எட்டுமாறு உள்ளனவா என்பதும் காணத்தக்கது. முதுகுத் தகட்டில் நீண்ட வாரைக் கோத்து மேனியின் அளவிற்கே அமைத்துக்கொள்ளும் வகை ஒன்று உண்டு. அளவு கிடையாது இடர்ப்படுவார்க்கு அது மிக நன்று என்பது எம் கருத்து.

நான்காவது சிலிண்டர். பரவலாக வழங்கும் அலுமினியச் சிலிண்டர் ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் நீளமும், வெறுமையாய் இருக்குங்கால் 14 கிலோ எடையும், 11 லிட்டர் உள்ளளவும் உடையது. அதனுள் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று மட்டும் இரண்டரைக் கிலோவுக்கு மேல் நிறுக்கும். ஏனைய கருவிகளையும் கூட்டினால் 20 கிலோவைத் தாண்டும். 45 கிலோ எடையுள்ள ஒருவர்க்கு இது தம் எடையிற் பாதியை நெருங்கும் சுமை. உடலின் நடுப்பகுதி குறுகியவர்க்கு மேற்கூறிய நீளம் தலையின் பின்புறத்தை இடிக்கும். தாழ்த்திக் கட்டினால் தொடையின் பின்புறத்தைத் தடுக்கும். ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் நீளமும் 12 கிலோ எடையும் உடைய சிறு சிலிண்டரும் உண்டு. அதிற் காற்றுக் குறைவே; ஆயினும் சிறுமேனியர் பலர் காற்றைக் குறைவாகவே செலவிடுவர் ஆதலின், பெரியார் ஒருவரோடு இணைந்து மூழ்கினும் அவர்க்கு அது போதியதாதல் உண்டு. போதுமா என்பதைத் தம் செலவை அளந்து அறிந்த பின்னரே துணிதல் வேண்டும்.

ஐந்தாவது மூச்சுக் கருவியாகிய ரெகுலேட்டர். இதன் வாய்ப்பிடி பெரிதாயின் ஈறும் மேலண்ணமும் உறுத்தும், தாடை நோகும், சிலர்க்குக் குமட்டலும் உண்டாம். வாய்ப்பிடியோ சிறு விலையில் மாற்றத்தக்க பொருள். குழாய் மிக நீண்டதாயின் அது புறத்தே வளைந்து நின்று வாயை ஒருபுறம் இழுத்துக்கொண்டிருக்கும்.

ஆறாவது துடுப்புக் காலணி. உள்ளே கால் அசையுமாயின் தோல் உரியும். விரலை நெருக்குமாயின் மரத்துப்போகும். நீண்டு விறைத்த துடுப்பு, வலிய காலுடையார்க்கு விரைவைத் தரும். மெலிந்த காலுடையார்க்கோ கெண்டைக்காற் பிடிப்பையே தரும். மெல்லிய உறையை முதலில் அணிந்து, அதன்மேல் குதிகால் திறந்த காலணியை மாட்டும் வகை, அளவைச் சிறிது கூட்டவும் குறைக்கவும் இடந்தருவது.

ஏழாவது ஈயக் கட்டிகள். உடல் எடையிற் பத்தில் ஒருபங்கு என்று வாய்ப்பாடு கூறி எடுத்துக் கொடுப்பார் உளர். அது தொடக்கமேயன்றி முடிபன்று. மிதவைச் சட்டையிலுள்ள காற்றை நீக்கிவிட்டு, இயல்பான மூச்சோடு சிறிதுபொழுது அசையாதிருக்குங்கால் நீர்மட்டம் கண்ணளவில் நிற்பதும், மூச்சை விட்டவுடன் மெல்லத் தாழ்வதுமே சரியான எடைக்கு அடையாளம். சிலிண்டரிற் காற்றுக் குறையுந்தோறும் அதன் எடையும் குறையும் என்பதையும் இதனோடு கணக்கிடல் வேண்டும். மிகை எடை அணிந்தவர் அதற்கு ஈடாகச் சட்டையில் மிகுதியான காற்றை ஏற்றுவர். மேலெழுங்கால் அக்காற்று விரிந்து அவரைக் கட்டின்றி மேலே தூக்கும். அச்சத்தால் அப்பொழுது மூச்சை அடக்குவாராயின் நுரையீரல் சிதையும். சிறு பிழை பேரிடராகும் வழி இதுவே.

இனி, எம் கருத்திற்கு மாறாகக் கூறப்படுவன சிலவற்றை ஆராய்வாம்.

"நம் முன்னோர் யாதொரு கருவியுமின்றி முத்துக்குளித்தனரே, இத்துணை நுணுக்கம் எற்றுக்கு?" என்பார் உளர். 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடி முத்துச் சலாபம் நின்றுபோயிற்று. அதுவரை மன்னார்க் குடாவில் மூழ்கிய குளியாட்கள் கல்லொன்றின்மேற் காலூன்றி இறங்கி, தோணியில் இருந்தார் கயிற்றை இழுக்க மேலே வந்தனர். அவர் நம்பியது தம் சொந்த மூச்சை. அம்மூச்சு அவரவர் மார்பிற்கு அளவொத்தது. ஸ்கூபா மூழ்குநரோ பிறர் செய்த கருவியின் மூச்சை நம்புகின்றார். ஆகவே அளவு நோக்கும் கடமை இவர்க்கே மிகுதி. அன்றியும், அக்கடற்பகுதியில் இந்நாளிலும் பாம்பன் முதலிய ஊர்களின் பெண்கள் கடற்பாசி எடுக்க மூழ்குகின்றனர். விரல்களிற் கந்தல் சுற்றிக்கொண்டும், கண்களுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டும், சேலைமேல் ஆடவர் சட்டையணிந்தும் அவர்கள் இறங்குகின்றனர். கைக்குக் கிடைத்ததைத் தம் மேனிக்கும் தொழிலுக்கும் ஏற்ப இணக்கிக்கொண்ட அறிவு அது. கொரியாவின் ஜேஜு தீவிலுள்ள 'ஹேன்யோ' என்னும் மூழ்குபெண்டிர் பருத்தியுடையோடு குளிர்கடலில் இறங்கி வந்தனர். 1970-களில் ரப்பர் உடை வந்தபின் முன்னையினும் நெடுநேரம் நீரில் நிற்கலாயினர். மேனி மாறவில்லை, உடையே மாறிற்று.

"ஒருசிலர்க்காகத் தனியளவு வாங்கி வைத்தல் கட்டுப்படியாகாது" என்பது மற்றொரு கூற்று. நேரே விடை கூறுவாம். பயிற்சிக் கட்டணம் வாங்குங்கால், உயரத்தை அளந்து குறைத்து வாங்குவார் எவருமிலர். கட்டணம் ஒன்றாயின் காவலும் ஒன்றாதல் வேண்டும். எல்லா அளவிலும் பத்துப்பத்து வைக்குமாறு யாம் கேட்கவில்லை. சிற்றளவுச் சட்டையும் உடையும் இரண்டிரண்டும், பலவகை முகக் கண்ணாடிகளும், சிறு வாய்ப்பிடிகளும், குறுகிய சிலிண்டர் ஒன்றிரண்டும் வைத்தல் பெருஞ்செலவன்று. அதுவும் இயலாதாயின், "எம்மிடத்து உமக்கேற்ற அளவு இல்லை" என்று முன்கூட்டியே கூறி அனுப்புதல் நேர்மை.

செல்வம் மிக்க நிறுவனமாகிய நாஸாவுக்கும் இவ்விடர் வந்ததுண்டு. 2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இரு பெண்கள் ஒருங்கே விண்வெளியில் நடப்பதற்குத் திட்டமிடப்பட்டிருந்தது. அவருள் ஒருவராகிய ஆன் மெக்லெய்ன், தமக்கு நடுத்தர அளவே பொருந்துகின்றது என்று முந்திய நடையிற் கண்டறிந்தார். குறித்த நாளுக்கு அவ்வளவின் மேற்கவசம் ஒன்றே ஆயத்தமாயிருந்தமையால் அவர்க்கு மாறாக ஓர் ஆடவர் சென்றார். பின்னர் அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் நாள் கிறிஸ்டினா கோக், ஜெசிகா மெயர் என்னும் இருவரும் அந்நடையை நிறைவேற்றினர். அளவு பொருந்தாத உடையோடு சென்று புகழ் பெறுதலினும், பொறுத்திருந்து பொருந்தியதை அணிந்து செல்லுதல் அறிவுடைமை என்பதற்கு இது சான்று. பெருமுயற்சியொன்றன் திட்டமே ஓர் அளவுக்காக மாற்றப்பட்டதாயின், கடற்கரையில் ஒருநாட் பயிற்சியை மறுநாளைக்குத் தள்ளிவைத்தலில் இழுக்கு யாது?

ஆகவே, நம் மாணவர்க்கு யாம் கூற விழைவன இவை. பயிற்சிக்கு எழுதும்பொழுதே உயரம், எடை, காலளவு ஆகியவற்றைத் தெரிவித்து, ஏற்ற கருவி உண்டா என்று வினவுக. ஒருநாள் முன்னரே சென்று எல்லாவற்றையும் அணிந்து, ஆழமில்லாத நீரிற் சோதித்துப் பார்க்க. பொருள் சிறிதே உடையார் முதலில் முகக் கண்ணாடியையும், அடுத்துக் காலணியையும், பின்னர் உடையையும் சொந்தமாக வாங்குக; சட்டை முதலியன பிறகு ஆகலாம். உயரமும் வலிமையும் உடைய மாணவர், தம் தோழருள் சிறியவர் ஒருவர் கருவி பொருந்தவில்லை என்று கூறுங்கால் நகையாது, அவர் பக்கம் நிற்க. குழுவாக மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், செலவுக் கணக்கோடு அளவுக் கணக்கையும் எடுத்துச் செல்வாராக.

படகு புறப்படும் வேளையில், அனைவரும் ஆயத்தமாயிருக்க, "இஃது எனக்குப் பெரிது, இதனோடு யான் இறங்கேன்" என்று ஒருவர் சொல்லுதல் எளிதன்று. நாணம் தடுக்கும்; கொடுத்த பணம் தடுக்கும்; பிறர் முகக்குறிப்புத் தடுக்கும். ஆயினும் அச்சொல்லைச் சொல்லும் உரிமை மூழ்குவார் ஒவ்வொருவர்க்கும் உண்டு; கேட்டவர் அதனை மதித்தல் கடன். கடல் பெரியார்க்கும் சிறியார்க்கும் பொதுவாகப் படைக்கப்பட்டது. அதன் அடியிலுள்ள பவழக் காடுகளையும் மீன்கூட்டங்களையும் கண்டு மகிழ்தற்கு மேனியின் அளவு தடையாகாதவாறு காப்பது நம்மனோர் கையில் உளது.